முகராமல் சமைத்தவர்

சின்ன காஞ்சிபுரத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சிறிய பெருமாள் கோயிலின் மடப்பள்ளியில், பாஷ்யம் இருபத்திரண்டு வருஷமாக வாயால்தான் மூச்சு விட்டார். பெருமாளுக்குப் படைக்கும் முன்னால் வாசனை பிடித்துவிட்டால் அது எச்சில். மற்ற சமையல்காரர்கள் மூக்கோடு வாயைச் சேர்த்துத் துணி கட்டிக்கொள்வதோடு சரி. பாஷ்யத்துக்கு அது போதவில்லை. துணியையும் தாண்டி நெய் மணம் வந்துவிடுகிறதே!

பழக்கம் மடப்பள்ளியோடு நிற்கவில்லை. தூக்கத்திலும் வாய் திறந்தே கிடந்தது. காலையில் நாக்கு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், தலை கனக்கும்.

“கேட்டேளோன்னோ? அடைப்பே இல்லையாம்” என்றாள் மனைவி சூடாமணி, டாக்டரிடமிருந்து திரும்பும்போது. “காத்தை வடிகட்டி, ஈரமாக்கி உள்ளே அனுப்பத்தான் மூக்காம். நீங்க கண்ணாடி மாட்டிக்க மட்டும் வெச்சிண்டிருக்கேள்.”

பாஷ்யம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நடந்தார். போன மாசத் திருவோணத்தன்று அக்காரவடிசல் அடிப்பிடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. அர்ச்சகர் ரங்கநாத்தான் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். “சந்நிதியெல்லாம் தீஞ்ச வாடை, மாமா. இன்னொரு தரம் ஆச்சுன்னா வேற ஆளைப் பார்க்கணும்கிறார் தர்மகர்த்தா.”

இன்று மறுபடி திருவோணம். வெண்கலப் பானையில் அக்காரவடிசல் சுண்டிக்கொண்டிருந்தது. பாஷ்யம் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். பிறகு, துணிக்குள் உதடுகளை அழுத்தி மூடினார்.

முதலில் மூச்சு முட்டியது. பிறகு மெதுவாக மூக்கு வழியே இறங்கியது. பால், வெல்லம், ஏலம் என்று ஒவ்வொன்றாக வந்தன. தான் சமைத்தது இப்படியா இருக்கும்? அதற்குள் நூலிழையாக வேறொரு வாடை. சட்டென்று விறகை வெளியே இழுத்து, அடியைத் தொடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றினார்.

எடுத்துப்போக ரங்கநாத் வந்தான். பாஷ்யம் வழியை மறித்து நின்றார்.

“ரங்கா, நான் முகர்ந்துட்டேன்.”

அவன் குனிந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டான். “சந்நிதிவரைக்கும் தூக்கிண்டு போறச்சே, நான் மட்டும் மூச்சை அடக்கிண்டா போறேன்? நகருங்கோ மாமா, ஆறிடும்.”

பாஷ்யம் நகர்ந்தார். மனம் ஆறவில்லை. சந்நிதியில் திரை போட்டு மணி அடிக்கும்வரை தூணருகே நின்றிருந்தார், வாயைத் திறக்காமல், மூக்காலேயே மூச்சு விட்டபடி.