பெத்ரோனாவின் வலது கை

அமெரிக்காவின் அர்கன்சாஸில் அந்தக் கோழிக்கறித் தொழிற்சாலைக்குள் பெத்ரோனாவுக்குப் பெயர் யெசேனியா. வேறொருத்தியின் அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே நுழைந்திருந்தாள். அது இல்லாமல் வேலை ஏது? மூன்று வருஷம் மழை பொய்த்து மக்காச்சோளம் கருகிப்போன குவாத்தமாலாவிலிருந்து வந்தவளுக்கு எந்தப் பெயராயிருந்தால் என்ன, பிள்ளைகள் வயிறு நிறைந்தால் சரி.

நகர்ந்துகொண்டே வரும் கோழிகளிலிருந்து நிமிடத்துக்கு இருபது நெஞ்சுக்கறியாவது அறுத்தெடுக்க வேண்டும். வலது கை மரத்துப்போய்விட்டது. கம்பெனி நர்ஸ் டார்லீனிடம் போனால் ஒரு வலி மாத்திரை, பத்து நிமிடம் வெந்நீர், திரும்ப வேலைக்குப் போ. வைத்தியமாம் வைத்தியம்!

"கோழிக்காவது ஒரே நாளோட முடிஞ்சுது. நம்மளத்தான் தெனம் அறுக்கறானுங்க," என்றாள் பக்கத்தில் நிற்கும் காந்தெலாரியா. "வெளிய டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாடி. அப்பதான் கம்பெனி செலவுல ஆபரேஷன் பண்ணுவாங்க."

போனாள். இலவச மருத்துவமனையில் டாக்டரம்மா அவள் கையை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டு, "உன் பேரென்னம்மா?" என்றார். அப்படிப் பரிவாக யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று! பாவி, பெற்றவள் வைத்த பெயரைச் சொல்லித் தொலைத்தாள்.

மறுநாள் அந்தக் காகிதத்தை டார்லீனிடம் நீட்டினாள். அவர் வாய்விட்டுப் படித்தார்.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு. கத்தி வேலையாலதான். உடனே ஆபரேஷன் பண்ணலேன்னா கை வெளங்காம போயிடும்." நிமிர்ந்து பார்த்தார். "அதுசரி, யெசேனியா, பெத்ரோனாங்கறது யாரு?"

நான்தான் என்றால் இந்த நிமிடமே வேலை போகும். இல்லை என்றால் கை போகும்.

"என்... என் தங்கச்சி. காகிதம் மாறிப்போச்சும்மா."

"அடப் பாவமே." டார்லீன் நிஜமாகவே வருத்தப்பட்டார், அதுதான் கொடுமை. காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அவள இனிமே கத்தியத் தொடவே வேண்டாம்னு சொல்லு. சின்ன வயசு, கை போச்சுன்னா என்ன பண்ணுவா?"

"சொல்றேம்மா."

"உன் கை எப்படியிருக்கு?"

"பரவால்லம்மா."

உள்ளே போய்க் கத்தியை எடுத்தாள். விரல்கள் பிடிக்க மறுத்தன. இடது கையால் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கி, பிடியைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.