நாள் பார்க்காத அலை

கடல் பார்க்க வேண்டுமென்று குமுதவல்லி கேட்கும்போதெல்லாம், "கண்ணம்பாடி அணையைப் பார்த்துக்கோ, அதுவும் தண்ணிதானே" என்று வாயை அடைத்துவிடுவார் அவள் கணவர் திருநாராயணய்யங்கார். கடைசியில் அவள் அடம்பிடித்து, மைசூரில் ரயிலேற்றி, செங்கல்பட்டில் மாட்டுவண்டி பிடித்து, கடல்மல்லைக்கு அவரை இழுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

கரையோரத்துப் பழைய கற்கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தவள், அலையைக் கண்டதும் புடவையைத் தூக்கிச் செருகினாள். ஐயங்கார் குறுக்கே கை நீட்டினார்.

"கூடாது. இன்னிக்கு அமாவாசையுமில்லை, பௌர்ணமியுமில்லை. மத்த நாள்ல சமுத்திரத்தைத் தொடப்படாதுன்னு சாஸ்திரம்."

குமுதவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று ஈர மணலின் விளிம்பில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைக் காவல் காக்க அவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

பெரிய அலை ஒன்று எழும்பி வந்தது. அவளை இடுப்புவரை நனைத்து, ஐயங்காரின் பஞ்சகச்சத்தைத் தெப்பமாக்கி, பின்னால் கோயில் படிவரை போய்த் திரும்பியது.

"ஏன்னா, நான் தொடலை! அதுவா வந்து தொட்டுது!" கரையே அதிரச் சிரித்தாள் குமுதவல்லி. "பெருமாள் வாசலுக்கே நாள் பார்க்காம வரது. உங்க சாஸ்திரத்தை அதுகிட்ட சொல்லுங்கோ!"

ஐயங்கார் சொட்டும் வேஷ்டியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அடுத்த அலைக்குத் தாமே இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டார். அவர் தலை வெளியே வரும்வரை அவள் காத்திருந்தாள்.

"இப்போ சொல்லுங்கோ, இது கண்ணம்பாடியா?"