இரண்டு விரற்கடை

"தம்பிக்கா?" என்றுதான் கடைக்காரர் கேட்டார்.

"எனக்கு" என்றாள் அவள். அங்கேயே பாதிக் காரியம் கெட்டுவிட்டது.

திங்கள் காலைக்குள் விளையாட்டின் ஒரு கட்டத்தைச் செய்து அனுப்பினால் வேலை என்று ஒரு கேம் கம்பெனி சொல்லியிருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரின் பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதற்கான மென்பொருளைத் திறந்தாலே மேல்மூச்சு வாங்கியது.

கடைக்காரர் இரண்டு விசிறி வைத்த சின்ன கார்டை எடுத்துப் போட்டார். "உங்களுக்கு இதுவே தாராளம்மா. பெருசுன்னா உங்க கம்ப்யூட்டர் கேபினெட்ல நுழையுமான்னு பாக்கணும். உங்களுது என்ன அளவு?"

அந்த 'உங்களுக்கு' சுருக்கென்று தைத்தது. "அதெல்லாம் எனக்குத் தெரியும். மூணு விசிறி வெச்சதைக் குடுங்க."

தெரியாது. முப்பது விமர்சனம் படித்திருந்தவள், கேபினெட்டுக்குள் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை மாட்டப்போனால், கார்டு இரண்டு விரற்கடை கூடுதல் நீளம். ஹார்டு டிஸ்க் வைக்கும் காலி இரும்புக் கூடு குறுக்கே நின்றது.

"திருப்பிக் குடுத்துட்டு சின்னதா வாங்கிட்டு வாயேன்" என்றார் அப்பா.

"அந்தாளு மூஞ்சில போய் முழிக்கச் சொல்றியா? செத்தாலும் மாட்டேன்."

தோழியிடம் பெரிய கேபினெட் கிடைக்குமா என்று கேட்கப் போனாள். அவளிடம் இருந்தது லேப்டாப். வெறுங்கையோடு திரும்பியவளை அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல்.

"ரெண்டு விரக்கடைக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட? அப்பன் எதுக்கு இருக்கேன்?"

இருபத்தெட்டு வருடமாக இரும்பு கேட் செய்கிறவர். குறுக்கே நின்ற கூட்டைப் பட்டறை கிரைண்டரால் அறுத்து எடுத்திருந்தார். புது கார்டைத் துண்டில் சுற்றிக் கட்டில்மேல் குழந்தையைப் போலக் கிடத்தியிருந்தார். "உன் சாமான்மேல ஒரு தூசி படல. உள்ளயும் நல்லாத் தொடச்சுட்டேன்."

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பாய்ந்து கார்டை மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டாள்.

'பட்'. அவ்வளவுதான். கருகல் நெடி.

டார்ச்சை அடித்தபோதுதான் கண்டாள். கழற்றாமல் உள்ளேயே விட்டிருந்த மதர்போர்டின் இண்டு இடுக்கெல்லாம் இரும்புத்தூள் மினுமினுத்தது. தொண்டைவரை வந்த கத்தலோடு, வெட்டிய விளிம்பில் கைவைத்தாள். வழவழவென்றிருந்தது. மகளின் கையைக் கிழிக்கக் கூடாதென்று அரம் போட்டிருக்கிறார். அந்தத் தூளும் உள்ளேதான் விழுந்திருக்கும்.

அப்பா அதற்குள் சட்டையையும் செருப்பையும் மாட்டிக்கொண்டிருந்தார். "பழுதான பொருளைத் தலையில கட்டிட்டான். படிச்ச புள்ளயையே ஏமாத்துறானா? வா, நாலு பேர் முன்னாடி நாக்கைப் புடுங்குற மாதிரி கேக்குறேன்."

அந்தக் கடைக்காரர் சிரிக்கப்போகிற சிரிப்பு அவளுக்கு இப்போதே கேட்டது. அவளைப் பார்த்துச் சிரித்தால் தொலையட்டும். அப்பாவைப் பார்த்து?

"செருப்பைக் கழட்டுப்பா. கடைக்காரன் மேல தப்பில்ல. நான் அளக்கல. நீ போர்டைக் கழட்டாம அறுத்துட்ட. தூள் உள்ள போயிருச்சு."

"தொடச்சேனேம்மா..."

அப்பா உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகளுக்குள் இன்னும் கொஞ்சம் தூள் இருந்தது.