மயில் கழுத்துச் சேலை

“இது கிளிப்பச்சை இல்லளா, பாசிப்பச்சை. நீ பின்னால போய் நில்லு.”

ஜூலை மாதத்துக் காலை. தூத்துக்குடியில் அந்த மகளிர் கல்லூரியின் முகப்பில் மரக்கன்று நடுவதற்காக மாணவிகள் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் ஜெயபிரியா. மூன்றாமாண்டு வணிகவியல் மாணவி, சகோதரி மன்றத்தின் அந்த வருடத் தலைவி. பச்சையில் எத்தனை வகை உண்டு என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு மரத்துக்கே தெரியாது. பெரிய மார்க்கெட் பக்கம் ‘தங்கம் ஜவுளி ஸ்டோர்’ வைத்திருக்கும் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் ஒரே மகள் அவள். நடை பழகியதே சேலைக் கட்டுகளுக்கு நடுவில்தான்.

பின்னால் போகச் சொல்லப்பட்டவள் ஜீவமணி. இரண்டாமாண்டு தமிழ் இலக்கியம். தருவைகுளம் பக்கமிருந்து பஸ் மாறி வருகிறவள். மைக் முன்னால் அவள் நின்று பேச ஆரம்பித்தால், கடைசி வரிசையில் செல்போனை நோண்டிக்கொண்டிருப்பவர்களும் தலை நிமிர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவள் அன்று வாயே திறக்காமல் பின்னால் போய் நின்றாள். போட்டோவில் அவளுடைய ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும் விழுந்திருந்தன.

சகோதரி மன்றத்துக்குத் தென்மாவட்டக் கல்லூரிகள் பலவற்றில் கிளைகள் உண்டு. ‘தோளோடு தோள் நிற்போம்’ என்பது மன்றத்தின் வாசகம். எல்லாக் கிளைகளும் மார்ச் மாதத்தில் திருநெல்வேலியில் கூடும். வருடம் முழுவதும் செய்த சேவைக்கு, அன்றைய அணிவகுப்புக்கு, பேச்சுப் போட்டிக்கு என்று மதிப்பெண் போட்டுச் சிறந்த கிளைக்குச் சுழற்கேடயம் கொடுப்பார்கள். சுழற்கேடயம் என்று பெயர்தானே தவிர, அது சுழன்று தூத்துக்குடிப் பக்கம் வந்ததே இல்லை. இந்த வருடம் கொண்டுவந்தே தீருவது என்று ஜெயபிரியா சபதம் போட்டிருந்தாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு நிறம். “ஒரே கலர்ல நின்னாத்தான் மேடம் போட்டோவுல ஒத்துமை தெரியும்” என்றாள். மன்றப் பொறுப்பாசிரியை பானுப்ரியா மேடத்துக்கும் அது பிடித்துப்போனது. விழாவுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப் குழுவில் நிறம் அறிவிக்கப்படும். ஜெயபிரியாவுக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. சாயங்காலம் கடைக்குப் போவாள், அந்த நிறத்தில் ஒரு சேலையை அலமாரியிலிருந்து உருவுவாள், ரவிக்கைத் துணியை வெட்டாமல் உள்ளே செருகிக் கட்டிக்கொள்வாள். தோளில் மன்றத்தின் பித்தளை பேட்ஜைக் குத்திக்கொள்வாள். விழா முடிந்ததும் சேலை தேய்க்கப்பட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்கப்பட்டு, அலமாரிக்குத் திரும்பிவிடும். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஒரே மகள்.

ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்குச் சந்தன நிறம். வரிசை பரவாயில்லாமல் இருந்தது. அக்டோபரில் முத்துநகர் கடற்கரையைச் சுத்தம் செய்யக் கடல் நீலம். ஷிபான் சேலையில் குப்பை பொறுக்குவது எப்படிப்பட்ட வேலை என்பதைச் செய்து பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். காற்று ஒரு பக்கம் இழுத்தது, அலை ஒரு பக்கம் நனைத்தது. வந்தவர்கள் ஒரு கையில் முந்தானையையும் மறு கையில் சாக்கையும் பிடித்துக்கொண்டு அல்லாடினார்கள். இரத்ததான முகாமுக்கு அரக்கு. மழையில் தெருக்கள் மூழ்கியபோது நிவாரணப் பொருள் கொடுக்க லாவண்டர் சுடிதார். முழங்கால் தண்ணீரில் லாவண்டர் சுடிதாரோடு போய் நின்றவர்களைப் பார்த்து, தெருக்காரர்கள் ஏதோ துணிக்கடை விளம்பரம் என்று நினைத்தார்கள்.

ஒவ்வொரு விழாவுக்கும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஜெயபிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராத்திரி பகலாக அலைந்து அனுமதி வாங்குவது அவள், பேனர் அடிப்பது அவள், குடிக்கத் தண்ணீர் ஏற்பாடு செய்வது அவள். கடைசியில் பார்த்தால் பேனரைப் பிடிக்கக்கூட ஆள் பற்றவில்லை. “மெம்பர்னு பேரு மட்டும் வேணும், வேலைன்னா ஒருத்தியும் எட்டிப் பாக்க மாட்டீங்க” என்று குழுவில் நீளமாகத் திட்டி எழுதினாள். பதிலுக்கு நாலைந்து கட்டைவிரல்கள் மட்டும் வந்தன.

பொங்கல் விழாவுக்கு மாம்பழ மஞ்சள். அன்றைக்கு ஜீவமணியும் வரவில்லை. பேச்சுப் போட்டிக்கு அவளை நம்பித்தான் மன்றமே இருந்தது. மறுநாள் நூலக வராந்தாவில் அவளைப் பிடித்துவிட்டாள் ஜெயபிரியா.

“ஏளா, நீ பாட்டுக்குத் தலைய காட்டாம இருந்தா என்ன அர்த்தம்? மார்ச்ல ஒன்னைய நம்பித்தான இருக்கேன்?”

“மஞ்சள் சேலை இல்லக்கா” என்றாள் ஜீவமணி.

“ஒரு சேலைதான? யார்ட்டயாவது வாங்கிக் கட்டிட்டு வர வேண்டியதுதான?”

“வாங்கித்தான்க்கா கட்டுனேன். சுதந்திர தினத்துக்குப் பக்கத்து வீட்ல வாங்குனேன். கடற்கரைக்கு எங்க அத்தைட்ட வாங்குனேன். உப்புத்தண்ணி பட்டு அந்தச் சேலை திட்டுத்திட்டா வெளுத்துப் போச்சு. அதுக்கு எங்கம்மா வாங்குன பேச்சு எனக்குத்தான் தெரியும். இனிமே யார் வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்லுதீய?”

ஜெயபிரியாவின் காதில் அது விழுந்தது. காதோடு நின்றும் விட்டது. “சாக்கு சொல்லாதளா. மனசு இருந்தா எப்படியும் வரலாம்.”

ஜீவமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலை அவள் குழுவிலிருந்து வெளியேறிய செய்தி ஜெயபிரியாவின் செல்போனில் வந்தது. “அவ என்ன பெரிய இவளா?” என்று ஜெயபிரியா போனைக் கட்டிலில் எறிந்தாள்.

பெரிய இவள்தான் என்பது பிப்ரவரியில் தெரிந்தது. பேச்சுப் போட்டிக்கு வேறு ஆள் தேடினார்கள். ஒருத்திக்குக் குரல் நடுங்கியது. இன்னொருத்தி மனப்பாடம் செய்ததைப் பந்தயக் குதிரை மாதிரி ஒப்பித்துவிட்டு இறங்கினாள். ஜெயபிரியாவே பேசிப் பார்த்தாள். பாதியில் அடுத்த வரி மறந்து, பானுப்ரியா மேடம் முன்னால் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேடயம் கைநழுவிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

திருநெல்வேலி விழாவுக்கு மயில் கழுத்து நிறம் என்று முடிவானது. போஸ்டருக்காக ஜெயபிரியா முன்கூட்டியே அந்தச் சேலையைக் கட்டிப் படம் எடுத்தாள். வழக்கம்போல அது அலமாரிக்குத் திரும்பியது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, சனிக்கிழமை மத்தியானம், அவள் கடையின் உள்பக்கம் உட்கார்ந்து உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருந்தாள். பாதிப் பேர் எடுக்கவே இல்லை. எடுத்தவர்கள் “பாக்கேன்க்கா” என்றார்கள். அந்த “பாக்கேன்” என்பதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம் என்பது அவளுக்கு இதற்குள் பழகிவிட்டது.

அப்போது ஓர் அம்மாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார். உப்பளத்து வேலை செய்கிறவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. விரல்கள் வெடித்து, தோல் காய்ந்து போயிருந்தது.

“மயில் கழுத்துக் கலர்ல ஒரு சேலை வேணும் அண்ணாச்சி. அந்தக் கலரு தப்பிரக் கூடாது. வேற பச்சைன்னா எம் மவள நிக்க விட மாட்டாங்களாம்.”

ஜெயபிரியாவின் விரல் போனில் அப்படியே நின்றது.

தங்கப்பாண்டி ஒரு சேலையை எடுத்து மேசையில் போட்டார். அம்மாள் அதைத் தொடாமல் சற்றுத் தயங்கினார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. எம் மவ ஜீவமணி காலேஜ்ல நல்லாப் பேசுவா. இந்த வருசம் பேசவே போகலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்கா. என்னன்னு கேட்டா சொல்லவும் மாட்டேங்கா. அவ கூட்டாளிட்ட கேட்டுத்தான் வந்தேன். ஒரே ஒரு நாளு கட்டணும். அழுக்குப்படாமத் திருப்பிக் கொண்டாந்துருதேன். அதுக்கு என்ன வாடகையோ தாரேன்.”

தங்கப்பாண்டி சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பில்லை, வியாபாரச் சிரிப்பு. “கட்டுன சேலைய எப்படிம்மா திருப்பி எடுக்கது? பெறவு அத யாருக்கு விக்க? ஜவுளிக்கடையில அப்படி வழக்கம் கிடையாது.”

“அதும் சரிதான்” என்றார் அந்த அம்மாள், ஆறுமுகத்தாய். கெஞ்சவில்லை. “அப்போ வெலைக்கே எடுத்துக்கிடுதேன். பாதி இப்பத் தாரேன். மழைக்கு வேலை இல்லாமக் கெடந்து இப்பத்தான் அளத்துல உப்பு வார ஆரம்பிச்சிருக்கு. வாரக்கூலி வாங்குனதும் மீதியத் தந்துருதேன்.”

சேலையை விரித்துப் பார்த்த அவருடைய விரல் ஓரிடத்தில் நின்றது. “இங்கன ரெண்டு ஓட்டை இருக்கே அண்ணாச்சி?”

“மடிக்கும்போது குண்டூசி குத்தியிருக்கும். இந்தக் கலர்ல இது ஒண்ணுதான் இருக்கு.”

அது குண்டூசி இல்லை என்று ஜெயபிரியாவுக்குத் தெரியும். தோளில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை. மன்றத்தின் பேட்ஜ். பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. சேலை விற்கும், ஜீவமணி வருவாள், கேடயமும் வரலாம். அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஆறுமுகத்தாய் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, வெடித்த விரலால் அதன் கயிற்றைப் பிரிக்க முடியாமல் பல்லால் இழுத்தார். அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை.

“அப்பா, அது நான் கட்டுன சேலை.”

“ஏளா, நீ உள்ள போ.”

“போஸ்டர் போட்டோவுக்குக் கட்டுனேம்ப்பா. அந்த ஓட்டை என் பேட்ஜ் குத்துனது.”

ஆறுமுகத்தாய் சேலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேறு நிறமென்றால் மகளை நிற்க விடாதவள் இவள்தான் என்பது புரிந்திருக்க வேண்டும்.

“அப்போ கட்டுன சேலையத் திருப்பி வைக்கலாம் போலயே அண்ணாச்சி? எனக்கு மட்டும்தான் வழக்கம் கிடையாதா?”

தங்கப்பாண்டிக்கு முகம் செத்துப்போனது. “நீங்க சும்மா கொண்டு போங்கம்மா, காசு வேண்டாம்” என்று சேலையை நீட்டினார்.

“ஓசிக்கு வாங்கவா அம்புட்டுத் தூரம் வந்தேன்?” என்று சொல்லிவிட்டு ஆறுமுகத்தாய் வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அவர் தெருவைத் தாண்டியதும் அப்பா மகள் மீது பாய்ந்தார். “வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? கடை மானத்த வாங்கிட்டியே!”

“இப்படி எத்தன சேலைப்பா வித்திருக்கோம்?”

“நீ கட்டுனதத்தான வித்தேன்? நானா கட்டுனேன்?”

வருடம் முழுக்க யார் யாரையோ திட்டியது ஜெயபிரியாவுக்கு நினைவுக்கு வந்தது. மனசு இருந்தா வரலாம் என்று ஜீவமணியிடம் சொன்னது வந்தது. எட்டிப் பிடித்தால் எல்லா நிறமும் கையில் விழுகிற கடையை வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறோம் என்று அவமானமாக இருந்தது. அந்தச் சேலையை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். அது மறுபடி அலமாரிக்குத் திரும்பவில்லை.

அன்றே குழுவில் எழுதினாள்: ‘திருநெல்வேலிக்குக் கலர் கிடையாது. அவங்கவங்க வீட்ல இருக்கிறதக் கட்டிட்டு வாங்க. இத்தன நாள் தப்பு என் மேலதான்.’ அடுத்த நிமிடம் பானுப்ரியா மேடம் போனில் கத்தினார். ஜெயபிரியா கேட்டுக்கொண்டாள். பிறகு ஜீவமணியைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை துண்டித்துவிட்டு மூன்றாவது தடவை அவள் எடுத்தாள்.

“அம்மா வந்து எல்லாத்தையும் சொன்னாங்க” என்றாள் ஜீவமணி. “எனக்கு இன்னும் கோவம் போகலக்கா.”

“போக வேண்டாம்ளா. பேச மட்டும் வா.”

திருநெல்வேலிக்குப் புறப்பட்ட பஸ் நிறைந்துவிட்டது. ஜூலைக்குப் பிறகு பார்க்காத முகங்கள் எல்லாம் ஏறின. யாரும் யாருக்கும் பொருந்தாத நிறத்தில் இருந்தார்கள். ஜீவமணி அதே பாசிப்பச்சைச் சேலையில் வந்தாள். ஜெயபிரியாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடையில்தான் பேசினாள். அரங்கம் கைதட்டி ஓயவில்லை. பேச்சில் முதல் பரிசு தூத்துக்குடிக்கு.

கேடயம் கிடைக்கவில்லை. ஒரே மாதிரி உடுத்தாததால் அணிவகுப்பில் ஒற்றுமைக்கு உரிய மதிப்பெண்ணை நடுவர்கள் போடவில்லை. இன்னொரு கிளை அதைத் தூக்கிக்கொண்டு போனது.

திரும்பும் பஸ்ஸில் வல்லநாடு தாண்டும்வரை பானுப்ரியா மேடம் புலம்பிக்கொண்டே வந்தார். “அந்த மார்க் மட்டும் கெடச்சிருந்தா ஷீல்டு நம்ம மடியில இருந்திருக்கும். ஒரே ஒரு கலர் சேலை! இந்த மன்றத்துல இருக்கிறவங்க அதுகூடச் செய்யக் கூடாதா?”

உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஜெயபிரியா திரும்பினாள். கேடயம் போன ஆத்திரம் அவளுக்கும் இருந்தது. அழுகையும் வந்தது. இருந்தாலும் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“எங்கப்பா நடத்துறது ஜவுளிக்கடை மேடம். அங்க சேலை எடுக்க முடிஞ்சவங்க மட்டும் வந்தாப் போதும். சகோதரின்னு பேரு வச்சிட்டு நாமளும் அப்படித்தான் மேடம் ஒரு வருசமா நடத்துனோம். இல்லாதவ வெளிய நிக்கிற எடத்துல எத்தன சேவை செஞ்சாலும் அது சேவை இல்ல, வெறும் போட்டோ. எல்லாரும் வரணும்னா, இருக்கிறதக் கட்டிட்டு வரலாம்னு சொல்லணும். அதுதான் மேடம் ஒத்துமை.”

பானுப்ரியா மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின் இருக்கையில் பாசிப்பச்சைச் சேலை கொஞ்சம் நகர்ந்தது.

“எம்புட்டு நேரம்தான் நின்னுக்கிட்டே வருவீய?” என்றாள் ஜீவமணி. “இங்கன வந்து உக்காருங்க.”