சாயம் சித்தியின் கவுன்

தான் செத்துப்போன மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போலக் கடையைத் திறந்து இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கினாள். டாக்டர் முந்தின நாளே வந்து நாடி பிடித்துப் பார்த்து, உயிர் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர் எட்டிப் பார்த்தார், உள்ளே வந்து மறுபடியும் நாடி பிடித்தார், தான் எழுதிக் கொடுத்ததில் பிழையில்லை என்றார். வந்ததுதான் வந்தோம் என்று தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிச் சலவைக்குப் போட்டுவிட்டுப் போனார். சவப்பெட்டியோடு வந்த ஆட்களிடம் அம்மா தலை நிமிராமல், "துணி இருக்கு" என்றாள். அதன் பிறகு வெகு காலம் அவள் வாய் திறக்கவில்லை. அவர்கள் பெட்டியைப் பின்கட்டில் இறக்கிவைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அந்தச் சலவைக் கடைக்கு ஒரே சட்டம். உள்ளே வந்த துணி சொன்ன நேரத்துக்கு, அதன் சொந்தக்காரர் கையிலேயே போய்ச் சேர வேண்டும். கடையை ஆரம்பித்த தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, தெரு வெள்ளத்தில் மூழ்கியபோதும் கழுத்தளவுத் தண்ணீரில் மூட்டையைத் தலையில் சுமந்துபோய்க் கொடுத்த மனிதர். வீட்டில் யாரையும் வைத்த பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் கிடையாது, எல்லாம் சலவைப் பேர்தான். விறைத்த கழுத்துக்காரரான தாத்தா கஞ்சி. அம்மா மடிப்பு. அடிக்கடி காணாமல் போகிற அவள் மகன் பித்தான். அம்மாவின் தங்கைக்குச் சாயம் என்று பேர். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிவப்பு ரிப்பனை வெள்ளைத் துணியோடு போட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் அத்தனையையும் இளஞ்சிவப்பாக்கிவிட்டாள், தாத்தா திட்டினார், கோபித்துக்கொண்டு தூரத்து அத்தை வீட்டுக்குப் போனவள் போனவள்தான் என்பார்கள். சாயம் சித்தியைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்தது அவ்வளவே. அன்றிலிருந்து அந்தக் கடையில் வெளுத்த வெள்ளை எல்லாம் லேசான இளஞ்சிவப்பில்தான் வந்தது. தண்ணீரை மாற்றினார்கள், சோப்பை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஊரும் பழகிக்கொண்டது. நர்சுகளும் மணமகன்களும் அந்த நிறத்திலேயே நடமாடினார்கள், அதைத்தான் வெள்ளை என்றும் சொன்னார்கள்.

அம்மா பாக்கித் துணிகளை எல்லாம் தேய்த்து முடித்தாள், அவை உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. கடைசியில் மேல் அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை இறக்கினாள். உள்ளே ஒரு குழந்தைக் கவுன், அதன் துணிச்சீட்டில் சாயம் என்று எழுதியிருந்தது. அதைத் தேய்த்தாள், மடித்தாள், பொட்டலம் கட்டினாள். மறுநாள் பிரித்து மறுபடியும் தேய்த்தாள். அந்தக் கடையிலேயே சுத்த வெள்ளையாக இருந்த துணி அது ஒன்றுதான். பித்தானுக்கு மூத்தவளான மகள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த உடம்புக்குச் சூடு தெரியாது, அம்மாவின் உள்ளங்கை பெட்டியில் பட்டுக் கருகியது. உதிர்ந்த முடி கவுனில் விழும்போதெல்லாம் அதை மட்டும் கவனமாக எடுத்துப் போட்டாள்.

"சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கு வேலைதானே பார்க்கிறா? விடுக்கா" என்றான் பித்தான்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடா? அவ கை கருகுதுடா. இந்தக் கவுன் அந்தச் சித்தி கைக்குப் போனாத்தான் அம்மா படுப்பா. நான் போய்த் தேடுறேன்."

தூரத்து அத்தையிலிருந்து தேடத் தொடங்கினாள். அத்தை யாருக்குமே அத்தை இல்லை. ஒவ்வொருவரும் அவளை இன்னொருவர் பக்கத்துச் சொந்தம் என்றே நினைத்திருந்தார்கள். சாயப்பட்டறைகளில் விசாரித்தாள், பக்கத்து ஊர்களின் சலவைக் கடைகளில் விசாரித்தாள். சாயம் என்று ஒருத்தியைத் தேடுகிறார்கள் என்ற சேதி பரவியதும், நான்தான் அது என்று சில பெண்கள் வந்தார்கள். ஒருத்தி அக்கா என்று அழுதுகூடக் காட்டினாள், நன்றாகவே அழுதாள். அம்மா பொட்டலத்தை யாருக்கும் விடவில்லை. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. அம்மாவின் சுண்டுவிரல் ஒன்று கழன்று விழுந்தது. மகள் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பின்கட்டுச் சவப்பெட்டியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

கடைசியில் அண்டாக்காரர் கிடைத்தார். தாத்தா காலத்தில், வெள்ளைத் துணி வேகவைக்கும் பெரிய செம்பு அண்டாவுக்குத் தீ போட்டவர். பஸ் கடைசியாக நிற்கிற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில், கண் தெரியாமல் கட்டிலில் கிடந்தார்.

"சாயமா? அப்படி யாரும் அந்த வீட்டுல இல்லையேம்மா."

"எங்கம்மாவோட தங்கச்சி ஐயா. சிவப்பு ரிப்பனைத் துணியோட போட்டுட்டு, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களே."

"ரிப்பனாம் ரிப்பன்" என்றார் அவர். "உயிரோட இருந்தவரைக்கும் அவளுக்கு அந்தப் பேரு கிடையாது. செத்த அன்னைக்குத்தான் வச்சாங்க."

அன்றைக்கு அண்டாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு விறகு எடுக்கப் போனது அவர்தான். குழந்தை பலகைமேல் ஏறி எட்டிப் பார்த்திருக்கிறது. அவர் திரும்பி வந்தபோது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது, துணி நிறம் மாறியிருந்தது. அன்று மாலை விரிப்புகள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். தாத்தா முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையை எடுத்து அடுப்புக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள், விரிப்புகளை மறுபடி அலசிப் பிழிந்தார்கள். சொன்ன நேரத்துக்குத் துணி போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, சின்னவள் ரிப்பனால் சாயம் ஏறிவிட்டது என்றார் தாத்தா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அந்த வீட்டில் உலை வாயைத்தான் மூட மறந்தார்கள், ஊர் வாயை ஒரே ஒரு பேரால் மூடிவிட்டார்கள்.

"முன்கடையில உங்கம்மா அவளோட கவுனைத் தேய்ச்சிட்டு இருந்தா. அவளும் சின்னப் பொண்ணுதான். தெருவுக்குத் தெரியக்கூடாது, கையை நிறுத்தாதேன்னாரு உங்க தாத்தா. அவ நிறுத்தல."

"அவங்க நிஜப் பேரு என்ன ஐயா?"

"என் வாயில வரலம்மா. உங்கம்மாவுக்குத் தெரியும்."

மகள் வீடு திரும்பி, பின்கட்டில் அந்தப் பழைய அண்டாவின் மேல் அடுக்கியிருந்த சோப்புத் தூள் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பித்தானும் காரணம் கேட்காமல் ஒரு கை கொடுத்தான். பிறகு அம்மாவின் கருகிய கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"அம்மா, துணிக்குச் சொந்தக்காரி இங்கதான் இருக்கா. இனிமே கையை நிறுத்தலாம்மா."

அம்மா அண்டாவுக்குள் குனிந்து, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் ஒரு பேரைச் சொன்னாள். பல வருஷமாகக் காய்ந்து கிடந்த அண்டாவிலிருந்து, முழங்கைவரை ஈரமான ஒரு சின்னக் கை எழுந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. அம்மா முன்கடைக்குப் போய் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு வந்து, சவப்பெட்டியில் தானே ஏறிப் படுத்தாள். அடுப்புக்குப் பின்னால் தோண்டி எடுத்ததை அவள் பக்கத்திலேயே வைத்தார்கள். இடம் தாராளமாக இருந்தது. இரண்டு பேருக்குமாக அழுதது மகள் ஒருத்திதான் என்று சொல்ல முடியாது, பித்தானும் அழுதான்.

அதற்கடுத்த வாரம் வெளுத்த துணிகள் வெள்ளையாக வந்தன. இது எங்கள் துணி இல்லை என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். டாக்டரும் தன் கோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் இதோட நிறமா? இத்தனை வருஷம் எங்க போயிருந்தது?"

"எங்கேயும் போகல டாக்டர். பின்கட்டுலயேதான் இருந்துச்சு" என்றாள் மகள்.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.