வியாழக்கிழமைப் பயணிகள்

போட் வந்துவிட்டது. அந்தமானின் லாங் ஐலண்ட் ஜெட்டியில் அன்று காலை கூடியிருந்த முப்பது பேரில் ஒருவர்கூட அதை எதிர்பார்க்கவில்லை. பவானியும்தான். போட் வராததை ஊரறிய நின்று பார்ப்பதற்காகவே அவள் வந்திருந்தாள். 'வியாழக்கிழமை போட் வராத காரணத்தால் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு என்னால் வர இயலவில்லை' என்று இந்தியில் எழுதிய கடிதம் அவள் பையில் தயாராக இருந்தது. தேதி மட்டும்தான் பாக்கி. அதில் குத்துவதற்காகப் போஸ்ட்மாஸ்டர் பெரியதம்பி முத்திரைக் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெட்டிக்கே வந்திருந்தார். வெறும் கடலைப் படம் எடுக்க வேண்டியது அவள் கணவன் கந்தனின் வேலை. அவன் போனைத் தூக்கிப் பிடித்த நேரத்தில்தான் முனையைச் சுற்றிக்கொண்டு வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"அடப்பாவி, வருது!" என்றாள் டீக்கடைப் பொன்னம்மா. நல்ல செய்தியைச் சொல்கிற குரலாக அது இல்லை.

பவானியின் மகள் கார்த்திகாவுக்கு ஏழு வயது. காதுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு சின்ன மெஷின். போன மே மாதம் போட்டது. மெஷின் போட்டதும் எல்லாம் கேட்டுவிடும் என்று பவானி நினைத்திருந்தாள். கேட்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் போர்ட்பிளேர் டாக்டர். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு டீச்சர் சொல்லிக்கொடுப்பார். முதுகுக்குப் பின்னால் அவர் தட்டுவார், மணி அடிப்பார், பேசுவார். சத்தம் கேட்டால் கார்த்திகா கையைத் தூக்க வேண்டும். ரங்கத் பக்கமிருந்து கிளம்பி, லாங் ஐலண்டைத் தொட்டு, ஹேவ்லாக் வழியாகப் போர்ட்பிளேர் போகும் வியாழக்கிழமை போட் அதற்காகவே விட்டதுபோல் இருந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி அதில் போய்வந்தார்கள். அடுத்த வியாழன் போட் வரவில்லை. மழைக்காலம், கடல் சரியில்லை என்றார்கள். மழை ஓய்ந்து, கடல் எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி கிடந்த நாட்களிலும் அது தூரத்தில் கோடாகத் தெரிந்து நேராகப் போனது. சின்னப் படகில் அக்கரைக்குப் போய், ரங்கத்தில் பஸ் பிடித்தும் போகலாம்தான். ஆனால் அந்தக் காட்டு ரோட்டின் முதல் வளைவிலேயே கார்த்திகாவுக்கு வாந்தி ஆரம்பித்துவிடும். வகுப்புக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை கை தூக்குகிற நிலையில் இருக்காது.

கப்பல் ஆபீசில் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டம், மூலம் தகவல் கேட்கலாம் என்ற யோசனை ரேஷன் கடை வரிசையில் கிடைத்தது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரும் ஒரு வெள்ளைத்தாளும் போதும், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது, முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அக்டோபர் கடைசியில் பெரியதம்பியிடம் போனாள்.

"போஸ்டல் ஆர்டர் ஸ்டாக் இல்லம்மா. போர்ட்பிளேர்லேர்ந்து வரணும்."

"எப்ப வரும்ண்ணே?"

"போட்ல வரும்."

"எந்த போட்டு?"

கடைசியில் ரங்கத் போன கந்தன்தான் வாங்கிவந்தான். ஜூன் பத்தொன்பது முதல் அக்டோபர் முப்பது வரையிலான வியாழக்கிழமைகளில் போட் லாங் ஐலண்டைத் தொட்டதா, எத்தனை பேர் ஏறினார்கள், பதிவேட்டின் நகல் வேண்டும் என்று பவானி எழுதினாள். ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் கை துடித்தது. காரணம் கேட்டால் கதை சொல்வார்கள், காகிதம் கேட்டால் காகிதம்தான் தர முடியும் என்று யோசித்து அந்த வரியை அடித்துவிட்டாள்.

இருபத்தெட்டாவது நாள் காகிதம் வந்தது. இருபது வியாழக்கிழமைகள். இருபதிலும் போட் லாங் ஐலண்டைத் தொட்டிருந்தது. ஏறிய பயணிகள்: ஐந்து, நான்கு, ஏழு, ஐந்து, ஆறு என்று வாராவாரம் ஒரு கணக்கு.

அந்த வாரம் முழுக்கப் பொன்னம்மா கடையில் வேறு பேச்சே இல்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊரில் யாருக்கும் தெரியாமல் வாராவாரம் ஐந்து பேர் கப்பல் ஏறிப் போயிருக்கிறார்கள். யார் அவர்கள்? போனவர்கள் திரும்பி வந்தார்களா? ஆகஸ்ட் மாதத்து ஒரு வியாழனில் பதினொரு பேர் என்று போட்டிருந்தது. அன்றைக்குப் புயல் எச்சரிக்கை. டீக்கடையின் தகரக் கூரையே பறந்துபோனது.

"அந்தக் காத்துல பதினோரு பேரு எங்கடி போனாங்க?" என்றாள் பொன்னம்மா.

"ஒன் கூரையத் தேடிப் போயிருப்பாங்க அக்கா" என்றான் கந்தன்.

பதிலின் கடைசி வரியில், திருப்தி இல்லையென்றால் முப்பது நாளுக்குள் இன்னாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று பெயரும் விலாசமும் இருந்தன. பவானிக்குத் திருப்தி இல்லை. எழுதினாள். ஜனவரி முப்பது, வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குப் போர்ட்பிளேரில் விசாரணை என்று பதில் வந்தது. புதன்கிழமையே ரங்கத் வழியாகப் போய்விடு என்று கந்தன் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. வியாழக்கிழமை போட்டைப் பற்றிய விசாரணைக்கு வியாழக்கிழமை போட்டில்தான் போவேன், வராவிட்டால் வராததே சாட்சி என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் பையில் அந்தக் கடிதத்துக்குக் கீழே கார்த்திகாவின் மாற்று உடுப்பையும் மெஷினுக்கு பேட்டரியையும் வைத்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

போட் ஜெட்டியில் உரசி நின்றது. கயிற்றை எறிந்த ஆள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்: "ஆர்டிஐ-வாலி மேடம் கோன் ஹை? சாப் நே போலா, லேக்கே ஆனா."

கூட்டம் சிரித்தது. பவானிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆர்டிஐ போட்ட மேடம் யார், கூட்டிவரச் சொன்னார் சாப் என்கிறான். பெரிய ஆபீசர் சொல்லி, அவளை அழைத்துப்போகத்தான் போட் வந்திருக்கிறது.

"ஏறாத" என்றான் கந்தன். "நாளைக்கு அங்க போய் நின்னா மொத கேள்வியே, எதுல வந்தீங்கம்மாங்கிறதுதான். போட்லன்னு சொன்னா கேஸ் கதம்."

"ஏறலன்னா? போட் அனுப்பினோம், மேடம் வரலன்னு எழுதிடுவாங்க."

"இது தூண்டில்டி" என்றாள் பொன்னம்மா.

"தூண்டில்தான் அக்கா. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு இவளுக்குக் கிளாஸ்."

கார்த்திகா எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டைக் காட்டி, "நம்மளதா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெளிவாக வருகிற பத்து இருபது சொற்களில் அதுவும் ஒன்று. பவானி அவள் கையைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் ஜன்னலுக்கு நடந்தாள். கேஸ் போனால் போகட்டும், ஒரு வெள்ளிக்கிழமையாவது மிஞ்சும் என்று அந்தப் பத்தடிக்குள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு உள்ளே ஜம்புலிங்கம். கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்தத் தீவுகளில் இருக்கும் குடும்பம் அவருடையது. தமிழை இந்தி மாதிரி பேசுவார், இந்தியைத் தமிழ் மாதிரி பேசுவார். மகளே என்பதற்கு 'பேட்டி' என்பார். இரும்பு டிராயரை இழுத்தார். அது வரவில்லை. காலால் ஒரு உதை விட்டு மறுபடி இழுத்தார். பச்சை அட்டை போட்ட டிக்கெட் புத்தகத்தை எடுத்துத் தூசியை ஊதினார். கார்த்திகா தும்மினாள்.

"இது என்ன சித்தப்பா, வேற புக்கு?"

"வியாழக்கிழமை போட்டுக்குத் தனி புக் பேட்டி. அக்கரைப் படகுக்கு வேற ஹிசாப், வேற கணக்கு."

அவர் புத்தகத்தை விரித்தார். இடது பக்கம் அடிக்கட்டைகள். வலது பக்கம் கிழிக்காத டிக்கெட்டுகள். கடைசி அடிக்கட்டையின் எண் 217. தேதி, ஜூன் 12. பெயர், பவானி, கூட ஒரு குழந்தை. அடுத்த டிக்கெட் 218, அச்சடித்தபடி அப்படியே இருந்தது.

பவானி இரண்டு முறை பார்த்தாள். இங்கிருந்து ஏறும் ஒவ்வொருவரும் இந்த ஜன்னலில்தான் டிக்கெட் வாங்க வேண்டும். ஐந்து பேரும் நான்கு பேரும் புயலில் போன பதினொரு பேரும் எதை வாங்கிக்கொண்டு ஏறினார்கள்? மூன்று மாதமாக அவள் போர்ட்பிளேருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். பதில் அவள் வீட்டிலிருந்து இரண்டு நிமிட நடையில், துருப்பிடித்த டிராயருக்குள் இருந்திருக்கிறது.

"சித்தப்பா! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டியா?" என்றார் ஜம்புலிங்கம். "போர்ட்பிளேர்ல கேட்ட. டெல்லிக்கும் எழுதுவேன்னு பொன்னம்மா கடைல சொன்ன. இந்தக் கிடுக்கி, இந்த ஜன்னல்கிட்ட வந்து ஒரு தடவ கேட்டியா? நான் சர்க்கார் ஆளு பேட்டி. கேட்டா குடுப்பேன். கேக்காம குடுத்தா என் நௌக்ரி போயிடும்."

"இப்ப கேக்கறேன். இந்தப் பக்கத்தக் காட்டுங்க."

"லிக்கித் மே" என்றார் அவர்.

எழுத்தில் வேண்டுமாம். பவானி பையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். முன்பக்கத்தைக் குறுக்காக ஒரே கோட்டில் அடித்தாள். அதைத் திருப்பி, வியாழக்கிழமை டிக்கெட் புத்தகத்தின் கடைசி அடிக்கட்டையைப் பார்வையிட்டுப் படம் எடுக்க விரும்புகிறேன் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள். பெரியதம்பி, சும்மா இருக்க மனமில்லாமல், அதன் மூலையில் தன் முத்திரையையும் குத்தினார். ஜம்புலிங்கம் படித்தார். புத்தகத்தை ஜன்னல் பலகையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். கந்தன் இரண்டு முறை படம் எடுத்தான். முதல் படத்தில் அவன் விரல் விழுந்திருந்தது.

பிறகு 218-ஐக் கிழித்துக் கொடுத்தார். பவானி அதைப் பணத்தோடு சேர்க்காமல், மேல்முறையீட்டுக் காகிதங்களுக்கு நடுவில் வைத்தாள்.

"எனக்கும் ஒண்ணு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பொன்னம்மா இடுப்பில் கடைச் சாவியைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க அக்கா?"

"அந்தப் பதினோரு பேரு யாருன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராதுடி. ஆபீசர்கிட்டயே கேக்கறேன். என் கூரை எங்கன்னும் கேக்கறேன்."

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஜம்புலிங்கம் ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லிச் சொல்லிக் கிழித்தார். நீண்ட நாளுக்குப் பிறகு வேலை கிடைத்தவரின் உற்சாகம் அவர் குரலில் இருந்தது.

மேல்தளத்தில் கம்பி ஓரமாக இடம் கிடைத்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். கீழே கந்தன் இனி படம் எடுக்க எதுவும் இல்லாமல் போனை ஆட்டிக்கொண்டிருந்தான். பவானி நாளை சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். எதில் வந்தீர்கள் என்று கேட்பார்கள். போட்டில்தான் சாப், இதோ டிக்கெட், எண்ணைப் பாருங்கள், ஜூனில் 217, இன்றைக்கு 218. அதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள், அடுத்த வியாழன் போட் வருமா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது.

தலைக்கு மேலே போட் ஊதியது. பொன்னம்மா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். கார்த்திகா கொஞ்சம் யோசித்து, வகுப்பில் செய்வதுபோல வலது கையை நேராகத் தூக்கினாள். ஊதல் ஓய்ந்தது. கையை இறக்கு என்று பவானி சொல்ல வந்தபோது, மகள் அசையாமல் எதையோ கவனிப்பது தெரிந்தது. ஜெட்டித் தூணில் ஒரு மணி உண்டு. வியாழக்கிழமை போட் கிளம்பும்போது ஜம்புலிங்கம் அடிப்பது. ஜூனுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. இப்போது அவர் அதன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கார்த்திகா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடலைப் பார்த்து நின்றபடியே, மற்றக் கையையும் தூக்கினாள்.