தளதள

மின்சார அடுப்பைத் தூக்கிவந்து அண்ணனின் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தாள் தங்கை. ஒயர் எட்டவில்லை. தையல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே சொருகினாள்.

"தண்ணி கொதிக்கிறதக் கேக்கணும்னு படுக்கையில அடம் புடிக்கிற ஒரே ஆளு நீதான்."

"இன்னும் கிட்ட வையி. காதுல விழணும்ல."

அண்ணன் முப்பது வருடமாக அகராதி அலுவலகத்தில் சொற்களுக்குப் பொருள் எழுதியவர். 'த' வரிசை அட்டைகள் எல்லாம் அச்சுக்குப் போய்விட்டன. ஒன்று மட்டும் தலையணைக்கடியில் கிடந்தது. தளதள. கொதிக்கும் நீரின் ஓசை என்று ஒரு பொருள். செழித்து நிற்கும் தோற்றம் என்று இன்னொன்று. எதிலிருந்து எது வந்தது? அந்தக் கட்டம் காலி. டாக்டர் இன்றோ நாளையோ என்று சொன்ன பிறகும் அவர் அந்த அட்டையை விடவில்லை.

மத்தியான வெயில் பச்சைத் திரை வழியே வடிந்து, அறை குளத்தடி போலிருந்தது. வெட்டிப்போட்ட துணிகள் தரையில் மிதந்தன. அடுப்பின்மேல் பாத்திரத்துத் தண்ணீர் முணுமுணுத்தது, பிறகு பேச ஆரம்பித்தது.

"கேளு. அதுவே பேரச் சொல்லுது. சத்தந்தான் முதல்ல. செடியப் பாத்தவன் அப்புறமா எடுத்துக்கிட்டான்."

"இல்லண்ணே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. அவர் படித்தவர். அவள் எட்டாம் வகுப்போடு ஊசி பிடித்தவள்.

"ஏன் இல்ல?"

"சத்தம் வர்றதுக்கு முந்தியே தண்ணி ததும்பி மினுங்குது பாரு, புதுசாத் துளிர்விட்ட எல மாதிரி. அடுப்பு முன்னாடி நின்ன எவளோ ஒருத்தி அதத்தான் மொதல்ல பாத்திருப்பா. சத்தத்தக் கேட்டவனெல்லாம் அப்புறமா சாப்பிட வந்தவன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மெல்ல அடங்கியது.

"அகராதி புடிச்சவ" என்றார். பிறகு, "ஊரையெல்லாம் கேட்டேன். ஒன்ன கேக்கல பாரு" என்றார்.

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றதுதான் சரி. எழுது. எனக்குக் கை வரல."

பேனா எங்கேயும் இல்லை. மேசை டிராயரில் பட்டன்களுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவர் முகம் அடுப்பின் பக்கம் சாய்ந்திருந்தது. கவனமாகக் கேட்பவர் போல.

"அண்ணே."

இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வற்றும்வரை அடுப்பை அணைக்கவில்லை. ஆவியில் சுவர், அலமாரி, அவர் முகம் எல்லாம் தூரமாகிக்கொண்டே போயின.

சாயங்காலம் அலுவலகத்திலிருந்து எதிர்மேசைக்காரர் வந்தார். வெகுநேரம் கால்மாட்டில் நின்றார். அழுதார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்ப கேக்கக் கூடாதுதாம்மா... அந்தச் சொல்லு. எது முதல்லன்னு ஏதாவது சொன்னாரா?"

அட்டையை எடுத்து நீட்டினாள். அந்தக் கட்டம் அப்படியே காலியாக இருந்தது.

"சொன்னாரு." வற்றிய பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள். "சத்தந்தானாம்."

"எனக்குத் தெரியும். ஆரம்பத்துலேருந்து அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு" என்று அவர் அட்டையை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டார்.

வந்தவர் கிளம்பிப் போன பிறகு கவனித்தாள். அண்ணன்மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியின் ஓரம் பிரிந்து நூல் தொங்கியது. மெஷின் பக்கம் போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைக் கோத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, கையாலேயே ஓரம் அடிக்க ஆரம்பித்தாள்.